தமிழிலேயே ரகசியச் செய்தி: ஒரு சின்ன பைத்தான் நிரல்

ஒவ்வொரு எழுத்தையும் சில இடம் தள்ளி மாற்றும் ரகசியச் செய்தி நிரல் எழுதச் சொல்லித்தரும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் 26 எழுத்துகளோடு நின்றுவிடும். அதே வழியில் தமிழ் எழுத்துகளின் கணினி எண்ணோடு கூட்டினால் கட்டம் கட்டமாக ஏதோ வரும். இது நிரலின் தப்பு இல்லை, யூனிகோடில் (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் பட்டியல்) நம் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும் விதம் அப்படி. க-வின் எண் 2965, அடுத்த ங 2969. நடுவில் மூன்று இடம் காலி. எண்ணோடு ஒன்றைக் கூட்டினால் எழுத்தே இல்லாத இடத்தில் போய் விழுவோம்.

ஆகவே யூனிகோடு எண்ணை மறந்துவிட்டு, வரிசையை நாமே எழுதிக்கொள்ளலாம். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயரே வைக்கலாம். நான் அப்படித்தான் வைப்பேன்.

மெய் = "கஙசஞடணதநபமயரலவழளறன"
உயிர் = "அஆஇஈஉஊஎஏஐஒஓஔ"

அடுத்து, செய்தியை லூப்பில் ஒவ்வொரு எழுத்தாக எடுக்க வேண்டும். "நாளை" நமக்கு இரண்டு எழுத்து, பைத்தானுக்கு நான்கு: ந, துணைக்கால், ள, ஐகாரக் குறி. இது தொல்லை மாதிரித் தெரியும், உண்மையில் நமக்கு வசதி. உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தொடாமல் மெய்யை மட்டும் நகர்த்தினால், வரும் விடை எப்போதும் வாசிக்கக்கூடிய தமிழாகவே இருக்கும். எழுத்து மெய் வரிசையில் இருந்தால் அதன் இடத்தைக் கண்டுபிடித்து இதைச் செய்யுங்கள்:

புதிய_இடம் = (பழைய_இடம் + சாவி) % 18

சாவி என்பது எத்தனை இடம் நகர்த்துகிறோம் என்ற எண், % என்பது வகுத்து மீதி எடுப்பது. உயிர் வரிசையில் இருந்தால் 18-க்குப் பதில் 12. இரண்டிலும் இல்லையென்றால் (இடைவெளி, எண், ஆய்தம், ஜ, ஸ) அப்படியே விட்டுவிடுங்கள். சாவி 3 என்றால் ந ய ஆகும், வ ற ஆகும், ள வரிசையின் முடிவைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு க-வுக்கு வரும். "நாளை வா" என்பது "யாகை றா" ஆகிவிடும்.

இதையெல்லாம் ஒரு ஃபங்ஷனில் வைத்துவிட்டால், செய்தியைத் திரும்பப் பிரிப்பதற்குத் தனி ஃபங்ஷன் வேண்டாம். அதே ஃபங்ஷனுக்குச் சாவியாக -3 கொடுங்கள், போதும். க-வின் இடம் 0. அதில் 3 போனால் -3. பைத்தானில் அதை 18-ஆல் வகுத்த மீதி 15, அதாவது ள. ஜாவாஸ்கிரிப்ட்டிலும் சி-யிலும் மீதி -3 என்றே வரும். அங்கே எழுதுகிறவர்கள் 18-ஐக் கூட்டிவிட்டு இன்னொரு முறை மீதி எடுக்க வேண்டும்.

சரி, இது எவ்வளவு பத்திரம்? பத்திரமே இல்லை. ஜூலியஸ் சீசர் மூன்று எழுத்துத் தள்ளி எழுதிய அதே முறைதான் இது. மெய்க்கு இருப்பது 17 சாவிகள், எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். அதிலும் தமிழ் இலக்கணமே காட்டிக்கொடுக்கும்: ண, ழ, ள, ற, ன ஆகியவை சொல்லின் முதலில் வராது. "றா" என்று தொடங்கும் சொல்லைப் பார்த்ததுமே இது சங்கேதம் என்று தெரிந்துவிடும். உடைக்கும் நிரல் எழுதும்போதும் இந்த விதியை வைத்தே பல சாவிகளைக் கழித்துவிடலாம். என்னைக் கேட்டால், உடைக்கும் நிரல் எழுதுவதுதான் இதில் ருசியான பகுதி. நிஜமாகவே மறைக்க வேண்டிய கடவுச்சொல், பண விவரம் என்றால் இந்த விளையாட்டு உதவாது. ஏஇஎஸ் (AES) என்ற வலுவான மறையாக்க முறையைத் தரும் நல்ல நிரல் தொகுப்பு எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் கடினமாக்க, ஒரே எண்ணுக்குப் பதில் ஒரு சொல்லையே சாவியாக வைக்கலாம். பெல்லாசோ என்ற இத்தாலியர் 1553-இல் வெளியிட்ட முறை இது. "மழை" என்ற சாவியில் ம 9, ழ 14. முதல் எழுத்தை 9 நகர்த்து, அடுத்ததை 14, அப்புறம் மறுபடி 9. இப்போது "நாளை வா" என்பது "றாரை டா" என்று வரும். நகர்த்திய எழுத்துக்கு மட்டும் சாவியை ஒரு படி முன்னே தள்ளுங்கள், இடைவெளிக்குத் தள்ளாதீர்கள். செய்தியை அனுப்பும் வழியில் ஓர் இடைவெளி கூடினாலும் குறைந்தாலும் அப்போதுதான் மீதிச் செய்தி குழம்பாது. சாவிச் சொல்லில் க வேண்டாம்: அதன் இடம் 0 என்பதால், அந்த முறை வரும் எழுத்து நகராமல் அப்படியே வெளியே போய்விடும்.