சொதிக்குப் பால் பிழியத் தெரியுமா? பாதாம் பாலும் அவ்வளவுதான்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். திருநெல்வேலி டவுணில் ஏதாவது கடையில் நின்று “பாதாம் பால் ஒண்ணு” என்று கேட்டால், மஞ்சள் நிறத்தில், ஏலக்காய் மணக்க ஒரு தம்ளர் வரும். அது சுண்டக் காய்ச்சிய மாட்டுப்பாலில் பாதாம் விழுது கலந்தது. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதனால் பயனில்லை. நான் சொல்லப்போவது பாதாமை ஊறவைத்து, அரைத்து, பிழிந்து எடுக்கும் பால். அதில் மாட்டுப்பால் ஒரு சொட்டும் கிடையாது.

இதற்குள் நான் வந்தது காபியால்தான். காலையில் காபி குடித்து அரை மணி நேரத்தில் வயிறு உப்பிக்கொள்ளும். பாலில் இருக்கிற லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். வயது ஏற ஏற நிறையப் பேருக்கு அது குறைந்துபோகும். எனக்கும் அந்தக் கதைதான். சரி, பாதாம் பால் செய்து பார்ப்போம் என்று போனில் வீடியோ தேடிக்கொண்டிருந்தேன். ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, “தேங்காய்ப்பால் பிழிஞ்ச கைதானட்டி? இதுக்குப் போயி போனைப் பாக்கியே” என்றாள். உண்மைதான். சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்புக்கு முதல் பால், இரண்டாம் பால் எடுக்கிற ஊர், அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுக்கிற ஊர். நமக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றிரண்டு நுணுக்கம்தான் இருக்கிறது.

முதல் நாள் ராத்திரி

100 கிராம் பாதாம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணினால் 80 பருப்பு சுமாருக்கு வரும். வறுத்ததோ உப்புப் போட்டதோ வேண்டாம், பச்சைப் பருப்புதான். வாங்கியதும் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் அந்தப் பாக்கெட்டை விட்டுவிடுங்கள், அந்த வாடை பாலில் இன்னும் தூக்கலாகத் தெரியும். தப்பித்தவறி ஒரு பருப்பு கடுமையாகக் கசந்தால் துப்பிவிட வேண்டும்.

இரண்டு தடவை கழுவி, பருப்புக்கு மேல் நாலு விரல்கடை தண்ணீர் நிற்கும்படி 8 மணி நேரம் ஊறவையுங்கள். நம் ஊர் சித்திரை வெயில் காலத்தில் ராத்திரியிலும் அடுப்படி புழுங்கும். அப்போது பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவது நல்லது. முதல் முறை நான் வெளியே வைத்து, காலையில் பார்த்தால் நுரை கட்டி லேசாகப் புளித்த வாடை. அத்தனையும் வீண். அவசரமென்றால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வைத்தாலும் வேலை நடக்கும். ஆனால் பால் கொஞ்சம் குறைவாகத்தான் இறங்கும்.

தோல் உரித்து அரைப்பது

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். பருப்பை இரண்டு விரலால் பிதுக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். உரிக்காமல் அரைத்தாலும் தப்பில்லை. நிறம் மங்கும், லேசாகத் துவர்க்கும். காபிக்கு என்றால் நான் உரித்துவிடுவேன்.

எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். மொத்தத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றி அரைத்தால் பருப்பு தண்ணீரில் சுற்றிக்கொண்டே இருக்கும், அரைபடாது. முதலில் கால் தம்ளர் தண்ணீர் மட்டும் விட்டு, தேங்காய்ச் சட்னியைவிட நைசாக அரையுங்கள். விரலில் தேய்த்துப் பார்த்தால் நெருநெரு என்று தட்டக்கூடாது. மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். ஜார் சூடேறினால் பாலில் எண்ணெய் வாடை வரும். அப்புறம் ஒன்றே முக்கால் தம்ளர் தண்ணீர் சேர்த்து ஒரு நிமிடம் ஓட்டினால் போதும். தம்ளர் என்றால் 200 மில்லி கணக்கு. மொத்தம் 400 மில்லி தண்ணீர்.

பிழிவது

காபி வடிகட்டியை நம்பாதீர்கள், திப்பி இறங்கிவிடும். பழைய வெள்ளை வேட்டித் துணிதான் சரி. கஞ்சி போட்ட துணியாக இருந்தால் வெந்நீரில் நன்றாக அலசிவிடுங்கள். பாத்திரத்தின் மேல் துணியை விரித்து, ஊற்றி, மூட்டையாகக் கட்டி, முறுக்கிப் பிழிய வேண்டும். ஏறக்குறைய இரண்டு தம்ளர் பால் கிடைக்கும். சக்கையில் இன்னொரு அரை தம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து இரண்டாம் பாலும் எடுக்கலாம், ஓட்ஸ் கஞ்சிக்கு ஆகும். மூன்றாம் பால் என்று ஆசைப்பட வேண்டாம், வெறும் வெள்ளைத் தண்ணீர்தான் வரும்.

பாட்டிலில் ஊற்றி உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாள் தாங்கும். மேலே கெட்டியும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று பதறாதீர்கள், குலுக்கினால் சேர்ந்துகொள்ளும். கடையில் பெட்டியில் விற்பது அப்படிப் பிரியாமல் இருக்கப் பிசின் மாதிரி ஏதாவது சேர்க்கிறார்கள். புளித்த வாடையோ வழுவழுப்போ தெரிந்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

காபியில் திரிந்துபோனால்

கண்டிப்பாக ஒரு தடவையாவது திரியும். காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து பாதாமின் புரதத்தைத் திரட்டிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைச் சூடான டிகாக்‌ஷனில் ஊற்றாதீர்கள். பாலைச் சின்னத் தீயில் ஆவி வருகிற அளவுக்கு மட்டும் சூடாக்கி, டிகாக்‌ஷனைக் கொஞ்சம் ஆறவிட்டு, அதைப் பாலில் மெதுவாக ஊற்றுங்கள். மாட்டுப்பால் மாதிரி பொங்கட்டும் என்று காத்திருந்தால் அடிபிடித்துக் கூழாகிவிடும். சொதியில் முதல் பாலை ஊற்றியதும் கொதிக்கவிடாமல் இறக்குகிறோமே, அதே கணக்குதான்.

இனிப்பு வேண்டுமென்றால் என் ஓட்டு கருப்பட்டிக்கு. உடன்குடிக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஆறவைத்துச் சேர்த்துப் பாருங்கள், கொஞ்சம் சுக்கும் தட்டிப் போட்டு. ஆனால் உறைமோர் விட்டுத் தயிராக்க நினைக்காதீர்கள். மாட்டுப்பாலைக் கட்டியாக உறைய வைக்கிற கேசீன் இதில் இல்லை.

பாதாமோ வேறு கொட்டைப் பருப்போ அலர்ஜி உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரக்கூடாது. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இதைக் கொடுக்கவே கூடாது. பெரியவர்களும், பசும்பாலில் கிடைத்த புரதமும் கால்சியமும் அதே அளவில் இதில் கிடைக்காது என்பதை மனதில் வைத்து, கேழ்வரகு, எள், கீரை, பயறு என்று சாப்பாட்டில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சக்கையை எறியாதீர்கள், பாதாம் விற்கிற விலைக்கு மனசு வராது. எங்கள் வீட்டில் அது அடை மாவில் போய்விடும். ஆச்சி மட்டும் வற்றல் மிளகாய், புளி, உப்பு வைத்துத் துவையலாக அரைத்து, “தேங்காய்த் துவையல் மாதிரி வரல” என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது தடவையும் சோற்றில் பிசைந்துகொள்வாள்.