ராட்சத முயலுக்கு ஏன் சிரிக்கிறார்கள்? சின்ன பட்ஜெட் மிருகப் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1972-ல் எம்ஜிஎம் வெளியிட்ட ‘நைட் ஆஃப் த லெபஸ்’ படத்தில் ராட்சத முயல்கள் அரிசோனா பண்ணைகளைச் சூறையாடும். விளம்பரத்தில் முயல் என்பதையே மறைத்துப் பார்த்தார்கள். பலிக்கவில்லை, படம் இன்றுவரை கேலிப்பொருள்தான். முயலைப் பார்த்து யார் பயப்படுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதே வகைப் படங்களில் வெட்டுக்கிளியும் பல்லியும்கூடச் சிரிப்பைத்தான் வாங்கின. திரையில் நிற்கும் மிருகத்துக்கு எடை இல்லை என்பதைக் கண் சட்டென்று பிடித்துவிடுகிறது, சிரிப்பு அங்கே கிளம்புகிறது. நீளம் 10 மடங்கானால் எடை 1000 மடங்கு. 2 கிலோ முயல் 2 டன் ஆகிவிடும். 2 டன் உடம்பு பஞ்சு மாதிரித் துள்ளினால் யார் நம்புவார்கள்?

இந்தப் படங்களில் சாதாரண முயலைச் சிறிதாக்கிய செட்டில் ஓடவிட்டு, ஸ்லோ மோஷனில் எடுத்து ராட்சதமாகக் காட்டுவார்கள். முதல் தவறு, அந்த ஸ்லோ மோஷனைக் குத்துமதிப்பாக வைப்பது. இதற்குத் திட்டமான கணக்கு இருக்கிறது. ஒரு பொருள் விழ எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆகவே செட் எத்தனை மடங்கு சிறியதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 24-ஐ, அதாவது திரையில் ஒரு நொடிக்கு ஓடும் ஃபிரேம்களை, பெருக்க வேண்டும். நாலில் ஒரு பங்கு செட்டுக்கு நொடிக்கு 48 ஃபிரேம், ஒன்பதில் ஒரு பங்குக்கு 72, பதினாறில் ஒரு பங்குக்கு 96. குறைத்தால் பொம்மை, கூட்டினால் முயல் தண்ணீருக்குள் நீந்துகிற மாதிரி இருக்கும்.

96 ஃபிரேமுக்குப் போனால் 24-க்குத் தேவைப்பட்டதைப் போல நாலு மடங்கு வெளிச்சம் வேண்டும். அதோடு முடியவில்லை. சின்ன செட்டில் பின்னணி கலங்கினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும். முன்னும் பின்னும் துல்லியமாக இருக்க லென்ஸின் துளையை எஃப் 16 வரை மூட வேண்டும் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும், வெளிச்சம் குறையும்). எஃப் 4-லிருந்து மூடினால் அதற்கே 16 மடங்கு, ஆக மொத்தம் 64 மடங்கு. அவ்வளவு விளக்கை வாடகைக்கு எடுப்பதைவிட செட்டை வெளியே வெயிலில் போடுவதுதான் புத்திசாலித்தனம். தெளிந்த வெயிலில் எஃப் 16, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 200, நொடிக்கு 96 ஃபிரேம் சரியாகப் பொருந்தும். நிழலும் ஒரே திசையில் விழும். ஆனால் உயிருள்ள முயலுக்கு வெயில் ஆகாது. குளிர்ந்த காலையில், சில நிமிட ஷாட்டுகளாக எடுத்து, வெளிச்சம் குறைவதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை 400 ஆக்கிக்கொள்ளுங்கள். உள்ளேதான் எடுக்க வேண்டும் என்றால், விலை குறைந்த எல்இடி 96 ஃபிரேமில் படபடக்கும். முன்னாலேயே ஒரு நிமிடம் பதிவு செய்து பார்த்துவிடுங்கள்.

கேமராவை மேசைக்கு மேலே வைப்பது அடுத்த தவறு, ஏனோ எல்லாரும் இதைச் செய்கிறார்கள். மனிதனின் கண் மட்டம் சுமார் 160 செ.மீ. பதினாறில் ஒரு பங்கு செட்டில் அது 10 செ.மீ. லென்ஸின் நடுப்பகுதி அதற்கு மேலே ஏறக்கூடாது. கேமரா பருமனாக இருந்தால் மேசையின் ஓரத்தை வெட்டி அதற்குள் இறக்குங்கள்.

காலுக்குக் கீழே எதுவுமே நடக்காததுதான் லெபஸின் பெரிய குறை. முயல்கள் செட்டில் ஓடுகின்றன, சத்தம் இடியாய் இடிக்கிறது, தரையோ அசையவே இல்லை. ஆற்றுமணலும் போடாதீர்கள். அரை மில்லிமீட்டர் மணல் பதினாறு மடங்கில் 8 மி.மீ. கூழாங்கல்லாகத் தெரியும். பொம்மைக் காலை வைத்து எடுக்கும் நெருக்கமான ஷாட்டுக்குச் சலித்த முல்தானி மட்டி நல்லது, புழுதி மெதுவாக எழுந்து அடங்கும். உயிருள்ள விலங்கு இருக்கும் ஷாட்டில் அது வேண்டாம், நுரையீரலுக்குக் கெடுதல். கால் பட்டதும் முறியும் வேலி ஒன்று போதும். மெல்லிய பால்சா மரத்தில் பாதி அறுத்து வைத்து, மீன்பிடி நரம்பால் இழுக்கலாம். தண்ணீரைக் காட்டவே காட்டாதீர்கள், துளி சிறிதாகாது.

1957-ல் வந்த ‘பிகினிங் ஆஃப் தி எண்ட்’ படத்தில் சிகாகோ கட்டடங்களின் புகைப்படத்தின்மேல் வெட்டுக்கிளிகளை ஏறவிட்டார்கள். கட்டடத்தைத் தாண்டி ஆகாயத்திலும் ஒன்று காலை வைத்தது. புகைப்படம்தான் செட் என்றால் கட்டடத்தின் விளிம்புக்கு முன்பே ஷாட்டை முடித்துவிட வேண்டும்.

வேஷம் போடுவதில் ஒரே விதி, முழு உருவம் தெரியக்கூடாது. 1959-ன் ‘தி கில்லர் ஷ்ரூஸ்’ நாய்களுக்குப் போர்வை போர்த்தி மூஞ்சூறு ஆக்கியது. ஓட்டத்தில் நாய் நாயாகவே தெரிந்தது. லெபஸிலும் தாக்கும் காட்சிக்கு முயல் உடை போட்ட ஆட்கள் உண்டு, முழங்கால் மடியும் விதம் காட்டிக்கொடுத்துவிடும். காது, பல், பின்னங்கால் என்று தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் 12 முதல் 20 ஃபிரேமுக்குள் வெட்டுங்கள். கடையில் வாங்கும் நீளமுடித் துணி சலூனில் குளித்த பொம்மை மாதிரி இருக்கும். கிளிசரினும் தண்ணீரும் சமமாகக் கலந்து தெளித்தால் முடி கொத்துக் கொத்தாக ஒட்டி அழுக்கு மிருகமாகிவிடும்.

நடிகர்களிடம் மிருகத்தைக் காட்டாமல் நடிக்கச் சொல்வது இன்னொரு கொடுமை. 1957-ன் ‘தி ஜெயண்ட் கிளா’ படத்தில் பறவையின் உருவத்தை நாயகன் ஜெஃப் மாரோ முன்கூட்டிப் பார்க்கவே இல்லை. அவர் உயிரைக் கொடுத்துப் பயந்தது ஒரு தொளதொள பொம்மைக்கு. மிருகத்தின் கண் உயரத்துக்கு ஒரு கம்பில் டென்னிஸ் பந்தைக் குத்தி நிறுத்துங்கள், பார்வை ஒருமைப்படும்.

தக்காளி சாஸ் ஆரஞ்சு நிறம், ரத்தம் ஆகாது. அரை லிட்டர் திரவ குளுக்கோஸ், 100 மி.லி. தண்ணீர், சிவப்பு உணவு நிறம், ஒரு சொட்டு நீலம், அடர்த்திக்கு இரண்டு தேக்கரண்டி கோகோ. துணியில் விட்டுக் காயவைத்து, கேமராவில் பார்த்த பிறகு நிறத்தைத் திருத்துங்கள். விலங்கின் வாயில் எதையும் பூசாதீர்கள், பொம்மை வாய் போதும். இந்தியாவில் உயிருள்ள விலங்கை நடிக்கவைக்க விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

ஒலிக்குச் சிங்க உறுமலை ஒட்டாதீர்கள். முயல் ஆபத்தை உணர்ந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும். அதையே 96 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 96,000 முறை ஒலியை அளந்து) பதிவு செய்து நாலில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால் இரண்டு ஸ்தாயி கீழே இறங்கும். சாதாரண 48-ல் பதிவு செய்தால் மேல் அலைகள் காணாமல் போய், கம்பளிக்குள்ளிருந்து வருவது போல மந்தமாகக் கேட்கும்.