உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

ஒரு மென்பொருள் ஓடுமா, ரேம் கூட்டலாமா என்று கேட்பவர்களிடம் என்ன கணினி என்று கேட்டால் "ஐ5, விண்டோஸ்" என்று மட்டும் பதில் வருகிறது. இதை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஐ5 என்ற இன்டெல் பிராசஸர் பெயர் 2009-லிருந்து வந்துகொண்டிருக்கிறது. முழுப் பெயர் வேண்டும்.

முதலில் விண்டோஸ் பதிப்பு. விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்துங்கள், சின்னதாக ஒரு பெட்டி வரும், அதில் வின்வெர் (winver) என்று ஆங்கிலத்தில் ஆறே எழுத்து தட்டி என்டர் கொடுங்கள். வரும் பலகையில் பதிப்பும் பில்டு எண்ணும் இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பில்டு எண் 22000 அல்லது அதற்கு மேல் என்றால் உங்களிடம் இருப்பது விண்டோஸ் 11. 19045 என்றால் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு, அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, அதனால் இந்த எண்ணைப் பார்த்தால் சும்மா விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட். பிராசஸர் பெயர், ரேம் அளவு, 32 பிட்டா 64 பிட்டா என்பதெல்லாம் இங்கேயே கிடைக்கும். பிராசஸர் பெயரை நிதானமாகப் படியுங்கள்: ஐ5-8250யு என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் உள்ள 8 எட்டாவது தலைமுறையைக் குறிக்கிறது, ஐ5-1135ஜி7 என்றால் பதினொன்றாவது. இரண்டும் ஐ5 தான், ஆனால் வேகம் ஒன்றல்ல. ரேம் 8 ஜிபி என்று போட்டுவிட்டு பக்கத்தில் 7.8 தான் பயன்படுத்தலாம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கும்.

ரேம் வாங்கப் போகிறீர்களா? அப்படியென்றால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தட்டுங்கள். ரேம் செருகும் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை நிரம்பியிருக்கிறது, ரேம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று அங்கே வரும். இரண்டில் ஒன்று காலி என்று காட்டினாலும் பணம் கொடுக்கும் முன் லேப்டாப் மாடலை வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், சில மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள்.

மதர்போர்டு, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) பதிப்பு, செக்யூர் பூட் (தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி) வரை எல்லாம் வேண்டுமென்றால் அதே சின்னப் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்தால் மொத்தமும் ஒரு டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிக்கப்படும். அதை அப்படியே பொதுவில் போட்டுவிடாதீர்கள், கணினியின் பெயரும் உங்கள் பயனர் பெயரும் அதில் இருக்கும், அழித்துவிட்டு அனுப்புங்கள்.

மேக் என்றால் வேலை சுலபம்: மேலே இடது மூலையில் ஆப்பிள் சின்னம், அதில் அபௌட் திஸ் மேக், அவ்வளவுதான். லினக்ஸ்காரர்களுக்கு டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu) என்ற கட்டளை பிராசஸரைக் காட்டும், ஃப்ரீ (free) என்ற கட்டளை ரேமைக் காட்டும்.