பையும் படுக்கையும் நீண்ட நாள் உழைக்க: தைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தைக்க வருகிறவர்களின் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் நான் ஆரம்ப காலத்தில் தைத்த பைகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அதே இடத்தில் கிழிசல், அதே இடத்தில் நைந்த ஓரம். அளவு பிசகுவது, தையல் கோணலாவது, பாபின் நூல் (அடி நூல்) பாதியில் தீர்ந்துபோவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தைக்கத் தைக்கத் தானாகச் சரியாகிவிடும். தைத்து முடித்த அன்றைக்கு நேர்த்தியாகத் தெரிந்து, கொஞ்ச நாள் கழித்துக் காலை வாரிவிடும் தவறுகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தினமும் தூக்கும் பையானாலும் சரி, தினமும் விரித்துச் சுருட்டும் படுக்கையானாலும் சரி, பாரம் எங்கே போய்க் குவிகிறதோ அங்கேதான் முதலில் கெடும். இதைப் பார்க்காமல் கண்ட இடத்தில் எல்லாம் வலுவைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம்.

துணி தடிமனாக இருந்தால் போதும் என்று நினைப்பது

அன்றாடப் பைக்கு 300 முதல் 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வரையிலான கான்வாஸ் தாராளம். அதற்கு மேல் 600 ஜிஎஸ்எம் துணி எடுத்து வீட்டுத் தையல் மெஷினில் ஓட்டினால், தட்டையான இடத்தில் ஓடும். மூலைக்கு வந்ததும் நின்றுவிடும். அங்கே மடிப்பின் மேல் மடிப்பு விழுந்து ஆறு, எட்டு அடுக்கு சேர்ந்திருக்கும். ஊசி வளையும். மேல் நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே கோத்துக்கொள்ளாமல் ஒரு பக்கமாகத் தொங்கும். அப்படித் தொங்கும் தையலை நகத்தால் நெம்பினாலே பிரிந்துவரும்.

உடம்புக்கு நடுத்தரத் துணி, அடிப்பாகத்துக்கு இரட்டைத் துணி, வார் பிடிக்கும் இடத்தில் உள்ஒட்டு, அதாவது உட்பக்கம் வைத்துத் தைக்கும் துண்டு. தடிமன் வேண்டிய இடம் இவ்வளவுதான்.

துவைக்காத கான்வாஸ்

பருத்திக் கான்வாஸ் முதல் துவைப்பில் 5 முதல் 10 சதவீதம் வரை சுருங்கக்கூடும், ஜிப் சுருங்காது. வெட்டும் முன் துவைத்துவிடுங்கள்.

வாரைத் துணியின் மேல் வைத்து, மேலும் மேலும் தைப்பது

இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. மற்ற தவறுகளை ஒருவாறு சமாளிக்கலாம். ஜிப் போனால் மாற்றலாம், ஓரம் பிரிந்தால் மறுபடி அடிக்கலாம். வார் பிடுங்கிக்கொண்டால் கூடவே பையின் முன்பக்கத் துணியையும் கிழித்துக்கொண்டு போகும். லைனிங், பாக்கெட், ஜிப் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு அந்தத் துணியையே மாற்ற வேண்டும். ஒரு பையின் மொத்த உழைப்பும் கைப்பிடி அகலமுள்ள ஓர் இடத்தில் போய்விடுகிறது.

ஒரு தம்பி தான் தைத்த புத்தகப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். நல்ல துணி, நல்ல நூல், தையலும் சுத்தம். வார் மட்டும் கையோடு வந்துவிட்டிருந்தது. "அண்ணே, நாலு தடவை ஓட்டியிருக்கேன். அப்படியும் பிச்சுக்கிச்சு" என்றார். பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், தையல் ஒன்றுகூட அறவில்லை. வாரின் கீழ் முனையில் குறுக்காகப் போட்டிருந்த தையல் கோட்டை ஒட்டி, தபால்தலையைக் கிழித்ததுபோல் துணி நேர்கோடாக வந்திருந்தது. அவர் வலுவுக்காக ஓட்டிய அந்த நாலு ஓட்டம்தான் பையைக் கிழித்திருந்தது.

கணக்கைப் பாருங்கள். 110 எண் ஊசி என்றால் அதன் குறுக்களவு 1.1 மில்லிமீட்டர். தையல் நீளத்தை 1.5 மில்லிமீட்டரில் வைத்து ஓட்டினால், ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் நடுவே மிஞ்சும் துணி 0.4 மில்லிமீட்டர். 38 மில்லிமீட்டர் அகலமுள்ள வாரின் குறுக்கே ஏறக்குறைய 25 துளைகள் விழும். அதே இடத்தில் 3.5 மில்லிமீட்டர் தையல் போட்டால் 11 துளைகளோடு முடிந்துவிடும். நல்ல ஊசி இழைகளை ஒதுக்கிக்கொண்டுதான் இறங்கும், உண்மைதான். ஆனால் நெருக்கமாக நெய்த கான்வாஸில் இழை ஒதுங்க இடம் ஏது? அதற்கு மேல் தோல் தைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் போச்சு. அதன் முனை இழைகளை வெட்டிக்கொண்டே இறங்கும்.

கீழ்க்கோட்டில் ஏன் கிழிகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். வார் மேலே இழுக்கிறது, பையின் பாரம் கீழே இழுக்கிறது. வாரும் துணியும் ஒன்றாகக் கிடக்கும் இடத்தில் இரண்டும் பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வார் முடிகிற கோட்டுக்குக் கீழே துணி தனியாள். முழுப் பாரமும் அந்தக் கோட்டில்தான் துணிக்குக் கைமாறுகிறது. அங்கேயே போய் நெருக்கமாகத் துளை போட்டால் துணி என்ன செய்யும்?

10 கிலோ ஏற்றிய பையை ஒரு தோளில் மாட்டினால், ஒரே வாரின் இரண்டு முனைகள்தான் தாங்கும். அசையாமல் நின்றால் முனைக்கு 5 கிலோ. பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும், தரையிலிருந்து வெடுக்கென்று தூக்கும்போதும் அது இரண்டு மடங்கைத் தாண்டும். தினமும் இப்படிச் சின்னச் சின்ன வெடுக்குகள்தான் துளைகளை நீளமாக இழுத்து இழுத்து, ஒருநாள் ஒன்றோடொன்று சேர்த்துவிடுகின்றன.

சரி, எப்படித் தைக்க வேண்டும்?

முதலில் உள்ஒட்டு. வாரின் முனைக்கு நேர் பின்னால், துணியின் உட்பக்கம், வாரைவிட எல்லாப் பக்கமும் பெரிதாக ஒரு துண்டு. அதன் மேல் ஓரம் பையின் வாய் மடிப்புக்குள் போய்விட வேண்டும். கீழ் ஓரம் வார் முடியும் கோட்டுக்கு 4, 5 சென்டிமீட்டர் கீழே இறங்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் முடிந்தால் ஒட்டுப் போட்டும் பயனில்லை. ஒட்டின் நூலோட்டமும் (இழை ஓடும் திசை) பையின் நூலோட்டமும் ஒன்றாக இருக்கட்டும். மூலைவாட்டில் வெட்டிய துண்டு இழுத்தால் நீளும். பாரத்தைத் தான் வாங்காமல் வெளித் துணிக்கே தள்ளிவிடும்.

அப்புறம் தையல். வாரின் அகலத்துக்குக் குறையாத நீளத்தில் ஒரு பெட்டி, அதற்குள் பெருக்கல் குறி. தையல் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர். பாரம் போகும் திசையிலேயே ஓடும் நெடுக்குத் தையல்களை நம்புங்கள். பெட்டியின் கீழ்க்கோட்டில் ஒரே ஓட்டம்தான். தொடக்கமும் முடிவும் கெட்டிப்படுத்தும் பின்தையலும் பக்கக் கோட்டில் விழட்டும்.

இன்னும் நல்ல வழி, வாரை முனையோடு நிறுத்தாமல் பையின் அடியைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபக்கம் ஏற்றிவிடுவது. அப்போது பாரத்தை வாரே சுமக்கும். துணி பொருளைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். கூடுதலாகக் கொஞ்சம் நாடா செலவாகும். தினமும் கனம் தூக்குகிறவர்களுக்கு நான் வேறு விதத்தில் தைப்பதில்லை.

முதுகுப்பைக்கு இன்னொரு சிக்கல் உண்டு. துணியோடு படுத்திருக்கும் வாரை அதே திசையில் இழுத்தால் எல்லாத் தையலும் ஒன்றாகத் தாங்கும். துணியிலிருந்து விலகி நிற்கும்படி இழுத்தால், முதல் தையல் மட்டும் தாங்கும். அது அறுந்ததும் அடுத்தது, அப்புறம் அதற்கு அடுத்தது. தோள் வாரின் மேல்முனையை வெறுமனே மேல் விளிம்புத் தையலுக்குள் செருகிவிடுகிறவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். முதுகுப் பக்கத் துணியின் மேல் வாரைப் படுக்கவைத்துத் தைத்து, அதன் மேல் குறுக்காக ஒரு நாடாவை ஓட்டி மூடுங்கள். வார் எந்தக் கோணத்தில் தோளுக்குப் போகுமோ அந்தக் கோணத்திலேயே சாய்த்துத் தையுங்கள். செங்குத்தாகத் தைத்த வாரில் ஒரு மூலை மட்டும் இழுபடும், கிழிசலும் அந்த மூலையிலிருந்துதான் கிளம்பும்.

ரிவிட் அடித்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். ரிவிட்டும் ஒரு துளைதான், அதுவும் பெரிய துளை. பின்னால் தோலோ இரட்டைத் துணியோ வாஷரோ இல்லாமல் அடிக்காதீர்கள்.

நூல்

பருத்தித் துணிக்குப் பருத்தி நூல் என்பது சட்டைக்குச் சரி. பை நனையும், வியர்வை படும், ஈரத்தோடு மூலையில் கிடக்கும். பருத்தி நூல் மக்கிவிடும். பாலியெஸ்டர் நூல் எடுங்கள். டெக்ஸ் 70 அளவு நூலும் 100 அல்லது 110 எண் ஊசியும் அன்றாடப் பைக்குப் பொருந்தும். டெக்ஸ் எண் என்பது 1000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் ஏற ஏற நூல் தடிமன். வெயிலில் அதிகம் இருக்கும் பொருளுக்கு நைலானைவிட பாலியெஸ்டர் நூல் நின்று உழைக்கும்.

தொடங்குவதற்கு முன், பையில் எத்தனை அடுக்கு வருமோ அத்தனை அடுக்கு வெட்டுத் துண்டில் ஓட்டிப் பாருங்கள். ஒற்றைத் துணியில் ஓட்டிப் பார்த்து நூலின் இழுவையைச் சரிசெய்வது வீண் வேலை.

ஜிப்

5, 8, 10 என்ற எண்கள், மூடிய பல் வரிசையின் அகலத்தை ஏறக்குறைய மில்லிமீட்டரில் சொல்பவை. பையின் பெரிய வாய்க்கு 8 அல்லது 10. பொருளை அமுக்கி மூடும் வேலையை ஜிப்புக்குக் கொடுக்காதீர்கள். அதற்குப் பக்கிள் வைத்த வார் இருக்கிறது. லைனிங்கை ஜிப்புக்கு மிக அருகில் விட்டால் ரன்னர் அதைக் கடித்துக்கொண்டே இருக்கும். லைனிங்கைச் சற்றுத் தள்ளி மடித்து, அதன் ஓரத்தை ஒட்டி மேல்தையல் போட்டுவிடுங்கள்.

உள் ஓரம்

பிசிறு விடும் ஓரத்தை நாடா கட்டி மூடாமல் விடக்கூடாது.

படுக்கையை இருபுறமும் நீர்புகாத் துணியால் மூடுவது

சுருட்டி எடுத்துப்போகும் படுக்கையில் இதுதான் பெரிய தவறு. தரை ஈரம் வரக்கூடாது என்று அடியில் பூச்சுத் துணி போடுவது சரி. மேலேயும் அதையே போட்டால், இரவு முழுவதும் உடம்பிலிருந்து கிளம்பும் ஈரத்துக்குப் போக வழியில்லை. காலையில் அப்படியே சுருட்டிக் கட்டிவிடுவோம். இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வாடை வரும். பாலியூரித்தேன் பூச்சாக இருந்தால், ஈரத்தில் கிடந்து கிடந்து அந்தப் பூச்சே பிசுபிசுத்து உரியும். அடியில் நீர்புகாத் துணி, மேலே மூச்சு விடும் பருத்தி என்று வையுங்கள். உள்ளே ஃபோம் வைப்பதாக இருந்தால், நீர் குடிக்காத மூடிய அறை ஃபோம் வெளியிடத்துக்கு நல்லது. பஞ்சு வைத்தால் உறையைக் கழற்றி வெயிலில் போடும்படி தையுங்கள். இடையிடையே முடிச்சுத் தையலும் போட வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கி நடுவில் வெறும் துணிதான் மிஞ்சும்.

சுருள் கணக்கை மறப்பது

சுருட்டும்போது வெளி அடுக்கு அதிகத் தூரம் சுற்ற வேண்டும், உள் அடுக்குக்கு அவ்வளவு வேண்டாம். இரண்டையும் ஒரே அளவில் வெட்டி நாலு பக்கமும் இறுக்கித் தைத்துவிட்டால், உள்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். வெளிப்பக்கத் தையல் ஒவ்வொரு முறையும் இழுபடும். எந்தப் பக்கம் வெளியே வருமோ அந்தத் துணியைச் சற்று நீளமாக வெட்டுங்கள். அல்லது ஒரு முனையை மட்டும் தைக்காமல் விட்டு, மடித்துச் செருகும்படி வையுங்கள்.

கட்டும் வாரையும் படுக்கையை உண்மையிலேயே சுருட்டிப் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். சிலர் ஒரு போர்வையையும் உள்ளே வைத்துச் சுருட்டுவார்கள். ஒரு சாண் கூடுதலாக விடுங்கள்.

தூக்கிப் பார்க்காமல் லைனிங் போடுவது

வார் தைத்ததும், லைனிங் மூடுவதற்கு முன், வழக்கமாக ஏற்றும் எடையைப்போல இரண்டு மடங்கை வைத்து ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் வாரின் கீழ்க்கோட்டுத் துளைகளைக் கிட்டே வைத்துப் பாருங்கள். வட்டமாகவே இருந்தால் லைனிங் போடலாம். நீள்வட்டமாக இழுபட்டிருந்தால், தையலைப் பிரித்து உள்ஒட்டை இன்னும் கீழே இறக்கித் தையுங்கள்.