பூட்கேம்பில் சேருமுன் போட வேண்டிய கணக்கு

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருப்பவர்களும், திருகோணமலையில் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல் வேலையில் இருந்துகொண்டு வேறு வழி தேடுபவர்களும் கோடிங் பூட்கேம்ப் பற்றி விசாரிக்கும்போது முதலில் கேட்பது, "எவ்வளவு கட்டணம்?" என்பதுதான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. சில மாதங்களில் வலைத்தளமும் செயலியும் உருவாக்கக் கற்றுத்தரும் இந்த நெருக்கமான பயிற்சிநெறிக்கு நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி கட்டணச் சீட்டில் வராது. ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முதலில் நேரம்

முழுநேரப் பயிற்சி பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம். கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்குக் குறையாது, வீட்டுப் பயிற்சிகளையும் சேர்த்தால் 60ஐத் தொடும். பகுதிநேரம் என்றால் கிழமைக்கு 15 முதல் 20 மணித்தியாலம், ஆனால் மாதங்கள் கூடும். உங்கள் ஒரு கிழமையைத் திங்கள் முதல் ஞாயிறு வரை எழுதிப் பாருங்கள்: மூதூரிலிருந்தோ கிண்ணியாவிலிருந்தோ டவுனுக்கு வந்துபோகும் நேரம், கடையில் அப்பாவுக்கு உதவும் நேரம், மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்கும் நேரம். மிச்சம் இருப்பதுதான் உங்கள் கையிருப்பு.

இணையவழி வகுப்பு என்றால் கடிகாரத்தையும் பாருங்கள். நியூயோர்க்கில் காலை 9 மணிக்குத் தொடங்கும் வகுப்பு அங்கே கோடை என்றால் இங்கே மாலை 6.30, குளிர்காலம் என்றால் 7.30. எட்டு மணித்தியால வகுப்பு என்றால் நள்ளிரவு தாண்டி இரண்டரை, மூன்றரை மணிக்குத்தான் முடியும். லண்டன் வகுப்பு பிற்பகலில் தொடங்கும். இந்திய வகுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. இரு நாட்டுக்கும் நேரம் ஒன்றே.

நமது ஊருக்கென்று இன்னொன்றும் இருக்கிறது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுற்றுலாப் பயணிகள் நிறையும் காலம் சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை. அந்த மாதங்களின் உழைப்பில் ஆண்டு முழுவதும் ஓடும் வீடுகள் இங்கே பல. அப்போது முழுநேரப் பயிற்சியில் சேர்வது சம்பாதிக்கும் மாதங்களை விட்டுக்கொடுப்பது. சீசன் முடிந்தபின் சேர்ந்தால் வாடைக்காற்றும் மழையும் வரும், மின்சாரம் போகும். இரண்டில் நான் மழையைத்தான் தேர்ந்தெடுப்பேன். கைபேசி டேட்டாவையும் மின்கலத்தையும் கொண்டு ஒரு மாலையைச் சமாளித்துவிடலாம். விட்டுக்கொடுத்த சீசன் வருமானம் திரும்பி வராது.

படி 2: மொத்தச் செலவு

ஒரு மாதிரிக் கணக்கு. கூட்டிக் காட்டுவதற்காக எடுத்த வட்ட எண்கள் இவை. உங்கள் எண்களை இட்டு நிரப்புங்கள்.

கட்டணம் 200,000 ரூபா. பயிற்சி கொழும்பில், நான்கு மாதம். போர்டிங்கும் சாப்பாடும் மாதம் 40,000 என்றால் 160,000. இப்போது பார்க்கும் வேலையில் மாதம் 45,000 வருகிறது, அதை விடுகிறீர்கள். இந்த இடத்தில்தான் பலர் நான்கால் மட்டும் பெருக்குகிறார்கள். சான்றிதழ் கிடைத்த மறுநாள் சம்பளம் வராது. வேலை தேட இன்னும் நான்கு மாதம் வைத்து எட்டால் பெருக்கினால் 360,000. மொத்தம் 720,000 ரூபா. கட்டணம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மடிகணினி வாங்க வேண்டியிருந்தால் அது தனி.

கட்டணம் டொலரில் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 1,000 டொலர் தவணை பாக்கி வைத்திருந்த ஒருவருக்கு இரண்டே மாதத்தில் 160,000 ரூபா கூடியிருக்கும், பாடத்தில் ஒரு வரி கூடாமல்.

படி 3: எப்படிக் கட்டுவது

முழுவதும் முன்பணம், தவணை, வேலை கிடைத்த பின் சம்பளத்தில் பங்கு என மூன்று வழிகள் உண்டு. தவணையில் முழுப்பணத்தைவிட எவ்வளவு கூடுதலாகக் கட்டுகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். அம்மாவின் நகையை அடைவு வைப்பதாக இருந்தால் வட்டியையும் மீட்கும் திகதியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். மீட்கும் திகதி முதல் சம்பளத்துக்கு முன்னால் விழுந்தால் அந்தத் திட்டம் வேண்டாம்.

மூன்றாவது வழி கேட்க இனிமையானது. அமெரிக்காவின் லாம்ப்டா ஸ்கூல் அதனால்தான் பெயர் பெற்றது: ஆண்டுக்கு 50,000 டொலருக்கு மேல் சம்பளம் வந்தால் 24 மாதங்களுக்கு 17 வீதம், உச்சம் 30,000 டொலர். 60,000 டொலர் சம்பளக்காரர் ஒருவர் மொத்தம் 20,400 டொலர் கட்ட வேண்டும். பின்னாளில் ப்ளூம்டெக் என்று பெயர் மாற்றிய அந்நிறுவனத்தின் மீது 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. அந்த ஒப்பந்தங்கள் உண்மையில் கடன்களே, செலவை மறைத்தார்கள், 86 வீதம் வரை வேலை கிடைத்ததாக விளம்பரம் செய்தபோது உள் கணக்குகள் 50 வீதத்துக்கு அருகில்தான் இருந்தன என்பவை குற்றச்சாட்டுகள்.

படி 4: வரப்போகும் சம்பளம்

முதல் வேலை பெரும்பாலும் பயிலுநர் வேலையாகவே இருக்கும். அதில் கிடைப்பது கொடுப்பனவு. நிரந்தரமானபின் 100,000 ரூபா சம்பளம் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம் கழியும். நிறுவனம் 12 வீதம் போடும், அது இப்போது கைக்கு வராது. 17 வீதப் பங்கு ஒப்பந்தமும் இருந்தால் மிஞ்சுவது 75,000. வருமான வரிக்கு இப்போதைக்குப் பயப்பட வேண்டாம்: 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபா வரை வரி இல்லை.

வேலைவாய்ப்பு வீதம் சொல்பவர்களிடம், சேர்ந்தவர்களில் இத்தனை வீதமா, முடித்தவர்களில் இத்தனை வீதமா என்று கேளுங்கள். பாதியில் விட்டவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் எந்த எண்ணும் அழகாகிவிடும். அதே நிறுவனத்தில் உதவியாளராக அமர்த்தப்பட்டவர்களையும் "வேலை கிடைத்தவர்" என்று எண்ணுகிறார்களா என்பது அடுத்த கேள்வி.

படி 5: காசு கட்டாமல் ஒரு மாதம்

2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் என்ற கோடிங் கற்கும் இணையத்தளம், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் சிஎஸ்50 என்ற கணினி அறிமுகப் பாடம், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் இணையவழி முழு அடுக்கு (வலைத்தளத்தின் முகப்பும் பின்னணியும் சேர்ந்த) மென்பொருள் பயிலுநர் பாடநெறி: மூன்றும் கற்க இலவசம். ஒன்றைத் தேர்ந்து, நாளுக்கு இரண்டு மணித்தியாலம், நான்கு கிழமை. மூன்றையும் ஒன்றாகத் திறந்து வைக்காதீர்கள். இதைத் தாண்ட முடியாதவர் ஒரு நாளுக்குப் பத்து மணித்தியாலம் உட்காரப் போவதில்லை. காசு கட்டிவிட்டால் உற்சாகம் வந்துவிடும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. தாண்டிவிட்டு, "திருத்திச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்" என்று தோன்றுகிறவருக்கே பூட்கேம்ப் பொருந்தும்.

படி 6: கையெழுத்துக்கு முன்

ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். "இன்றே கட்டினால் கழிவு" என்று அவசரப்படுத்தினால் அந்தக் கழிவு உங்களுக்கு வேண்டாம். எத்தனையாவது நாள்வரை விலகினால் பணம் திரும்பும், வகுப்பை அவர்களே நிறுத்தினால் என்ன, பிணையாளியாக யாருடைய கையெழுத்து கேட்கிறார்கள் என்பவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். உள்நாட்டு நிறுவனம் என்றால் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பாருங்கள். பிணை நிற்பவர் மாமாவோ பெரியப்பாவோ, அவரிடம் படி 2இன் 720,000 ரூபாக் கணக்கைக் காட்டிய பிறகே பேனையைக் கொடுங்கள்.