வீட்டுப்பாடத்தில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்த ரப்பரைக் கீழே வையுங்கள்

என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவர்கள் இப்போது தங்கள் பிள்ளைகளை என் வகுப்பில் கொண்டுவந்து விடுகிறார்கள். ஒரே ஊரில், ஒரே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நீண்ட காலம் வேலை பார்த்தால் கிடைக்கிற பேறு அது. மகிழ்ச்சிதான். ஆனால் இவர்களுடைய அம்மா அப்பா எந்தத் தவறைச் செய்து இவர்களைக் கணக்கில் திணற வைத்தார்களோ, அதே தவறை இவர்களும் தங்கள் பிள்ளைகளிடம் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பிள்ளையை அடிக்கக் கூடாது, அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடக் கூடாது, படிக்கிற நேரத்தில் டிவி ஓடக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன். வேலை முடிந்து களைத்து வந்த பிறகும் பிள்ளைக்காக நேரம் ஒதுக்கிப் பக்கத்தில் உட்காருகிற நல்ல பெற்றோர் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தவறான விடையை அழித்துச் சரியாக எழுத வைப்பது

மற்ற தவறுகளை ஒரு பருவத்துக்குள் சரிசெய்துவிடலாம். இது மட்டும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஒரு நோட்டில் இதன் தடயத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

52-இலிருந்து 38-ஐக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை 26 என்று எழுதுகிறது. அம்மா பார்க்கிறார். உடனே ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, “14 என்று எழுது” என்கிறார். மறுநாள் நோட்டு என் மேசைக்கு வருகிறது. நான் சரி என்று குறி போட்டு அனுப்புகிறேன். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த 26 எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. 2-இல் 8 போகாது என்று பிள்ளைக்கு நாம்தான் சொல்லிக்கொடுத்தோம். ஆகவே அது 8-இலிருந்து 2-ஐ எடுத்து 6 என்று போடுகிறது. பத்துகளில் 5-இல் 3 போக 2. விடை 26. இதே பிள்ளை 63-இல் 27-ஐக் கழித்தால் 44 என்று எழுதும். 71-இல் 46-ஐக் கழித்தால் 35. 40-இல் 17-ஐக் கழித்தால் 37. ஒவ்வொரு முறையும் அதே விதி, இம்மியும் பிசகாமல். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் எடுத்துக் காட்டினார்கள். கழித்தலில் பிள்ளைகள் செய்யும் பல தவறுகள் கவனக்குறைவால் வருவதில்லை. தப்பான விதி ஒன்றை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருகின்றன. ‘கவனமாகப் போடு, கவனமாகப் போடு’ என்று அதட்டுவதால் ஒன்றும் நடக்காமல் போவதற்கும் இதுவே காரணம். பிள்ளை கவனமாகத்தான் போடுகிறது.

நான்கு தவறான விடைகளை வரிசையாகப் பார்த்தால் பிள்ளை எங்கே சறுக்குகிறது என்று அரை நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சரிசெய்வது கடினமில்லை. பத்துப் பத்தாகக் கட்டிய ஈர்க்குச்சிகளை எடுத்து வைப்பேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. “இதிலிருந்து முப்பத்தெட்டு குச்சி எனக்குக் கொடு” என்பேன். பிள்ளை மூன்று கட்டுகளைத் தரும். எட்டு உதிரி தர வேண்டும். கையில் இருப்பது இரண்டு. சற்று நேரம் விழிக்கும். பிறகு தானாகவே ஒரு கட்டின் ரப்பர் வளையத்தைக் கழற்றும். கையில் இப்போது பன்னிரண்டு உதிரி. எட்டைக் கொடுத்துவிட்டு மிச்சத்தை எண்ணும்: ஒரு கட்டு, நான்கு உதிரி. அதன் பிறகு 58-இல் 32 என்ற கணக்கையும் 52-இல் 38 என்ற கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, “இரண்டுக்குமே 26 என்றுதானே போட்டிருந்தாய், அது எப்படி?” என்று கேட்பேன். அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம்.

இத்தனையும் எப்போது நடக்கும்? அந்த 26 என் கண்ணில் பட்டால். நோட்டில் 14 மட்டுமே இருந்தால் நான் எதைக் கண்டுபிடிப்பது?

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் நோட்டைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கிறேன். பலமுறை தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து பஞ்சு போல எழும்பியிருக்கும். அதற்கு அடியில் பென்சில் அழுந்திய பள்ளத்தில் பழைய எண் தெரியும். சில நோட்டுகளில் மேலே எழுதியிருக்கும் எண்ணே பிள்ளையினுடையதாக இருக்காது. எட்டு வயதுக் கை அவ்வளவு சீராக 4 போடாது.

தேர்வு வைக்கும்போது விஷயம் வெளியே வரும். வீட்டுப்பாடத்தில் பத்துக்குப் பத்து வாங்கும் பையன் வகுப்புத் தேர்வில் நான்கு வாங்குவான். அடுத்த நாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அம்மா வாசலில் நிற்பார். “வீட்டில் எல்லாம் சரியாகப் போடுகிறான் டீச்சர், இங்கே வந்தால் மட்டும் ஏன் இப்படி?” இந்தக் கேள்வி எத்தனையோ வீடுகளில் இருந்து வந்திருக்கிறது. அப்படி ஒரு பையனைத் தேர்வு நேரத்தில் கவனித்தேன். ஒவ்வோர் எண்ணை எழுதியதும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு இடது தோளுக்கு மேலே பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. வீட்டில் அம்மா உட்காரும் பக்கம் அது என்று பிறகு தெரிந்தது. ஒரு தலையசைப்பு கிடைக்காமல் அவனால் அடுத்த எண்ணுக்குப் போக முடியவில்லை. கழித்தலை ஒரு வாரத்தில் அவனுக்குப் புரிய வைத்துவிட்டேன். அந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் போவதற்கு ஆண்டு முடிந்துவிட்டது.

மூன்றாம் வகுப்பில் மறைத்தது அங்கேயே நின்றுவிடாது. தசமத்தில் 5.2-இல் 3.8 என்று வரும்போது அதே 2.6 வரும். ஆறாம் வகுப்பில் முழுக்கள் வரும்போது, 2-இலிருந்து 8-ஐக் கழித்தால் 6 என்றே இத்தனை நாளும் போட்டுப் பழகிய பிள்ளைக்கு, விடை கழித்தல் குறியோடு வர வேண்டும் என்றால் தலை சுற்றும். ‘கணக்கு எனக்கு வராது’ என்று அது முடிவு கட்டுவது அப்போதுதான். என் பழைய மாணவர் ஒருவர் அப்படித்தான் கணக்கைக் கைவிட்டார். இப்போது எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். ஒரு வீட்டுக்கு எத்தனை மீட்டர் ஒயர் வேண்டும் என்று மனதுக்குள்ளேயே போட்டுச் சொல்வார். கணக்கு வராதவர் அல்ல அவர். அவருடைய மகள் இப்போது என் வகுப்பில். அவள் நோட்டிலும் தாள் மெலிந்திருக்கிறது. கேட்டபோது, “சிவப்பு மை பட்டால் பிள்ளை மனம் உடைந்துவிடுமே டீச்சர்” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பெற்றோரை ரப்பர் எடுக்க வைப்பதில் ஆசிரியர்களான எங்களுக்கும் பங்கு உண்டு. சுத்தமான நோட்டுக்கு நட்சத்திரம் போடுகிறோம். தவறு இருந்தால் பெரிய சிவப்பு வட்டம் போட்டு, வகுப்பு முன்னால் தூக்கிக் காட்டுபவர்களும் எங்களில் இருக்கிறார்கள். அதை நாங்கள் நிறுத்த வேண்டும். பிள்ளையின் ஆசிரியர் அப்படிப்பட்டவர் என்றால் அவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நோட்டைத் திருத்தி வைத்துத் தப்பிக்கப் பார்த்தால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணக்கைக் கண்டாலே பயப்படும் பெற்றோர் தினமும் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்காருவது நல்லதா? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில் தருகிறது. அப்படிப்பட்ட பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவிய பிள்ளைகள் அந்த ஆண்டில் கணக்கைக் குறைவாகக் கற்றார்கள். அவர்களுடைய பயமும் கூடியது. அதே பயம் உள்ள பெற்றோர் அவ்வளவாகத் தலையிடாத வீடுகளில் இந்த விளைவு இல்லை. உதட்டைக் கடிப்பதும், பெருமூச்சு விடுவதும், ‘இதுகூடத் தெரியவில்லையா’ என்று குரல் உயர்வதும் பிள்ளைக்கு உடனே தெரியும். பயம் உங்களுக்கு இருந்தால் கணக்கு நோட்டை மூடிவிட்டுக் கதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கணக்கை என்னிடம் விடுங்கள்.

சரி, என்னதான் செய்வது? அதே அறையில் இருங்கள். ஆனால் உங்கள் வேலையைப் பாருங்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்தால்கூடப் போதும். பிள்ளை முடித்ததும், “இதை எப்படிப் போட்டாய், எனக்குச் சொல்” என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேட்க வேண்டும். தவறாக இருக்கும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு ரப்பரைத் தேடும். சொல்லிக்கொண்டிருக்கும்போது தானே தவறைக் கண்டுபிடித்தால் தானே திருத்தட்டும். கண்டுபிடிக்காவிட்டால் அப்படியே விடுங்கள். பக்கத்தின் அடியில் ‘தானே செய்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அரை மணி நேரம் ஆகியும் முடியவில்லை என்றால், ‘இதுவரைதான் முடிந்தது’ என்று எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி எனக்கு நூறு சரியான விடைகளைவிடப் பயன்படும்.

செயல்திட்டத்தை நீங்களே செய்து அனுப்புவது

ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை 2012-இல் தமிழ்நாட்டில் வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது பாடம் நடக்கும்போதே பிள்ளை செய்வதைப் பார்த்துப் போடும் மதிப்பீட்டுக்கு, நூற்றில் 40 மதிப்பெண் ஒதுக்கியதன் நோக்கம், பிள்ளை தன் கையால் எதையாவது செய்து பார்க்கட்டும் என்பது. வகுப்புக்கு வந்துசேர்வதோ தெர்மாகோலில் அப்பா வெட்டிய மழைநீர் சேகரிப்பு மாதிரி. ‘இந்தக் குழாய் எதற்கு?’ என்றால் பிள்ளைக்குத் தெரியவில்லை. கோணலாக ஒட்டிய இலைகளோடு, எந்த மரத்தில் பறித்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் நான் முழு மதிப்பெண் போடுகிறேன்.

அரும்பில் இருக்கும் பிள்ளையை மலருக்குத் தள்ளுவது

பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் வர வேண்டும் என்று தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறோம். எந்தப் பிள்ளைக்கு இன்றைக்கு என்ன தெரியும் என்பதைப் பார்த்து, அங்கிருந்து தொடங்குவதற்கான ஏற்பாடு அது. அதை ரேங்க் என்று நினைத்துக்கொண்டு, மதிப்பீட்டுக்கு முந்தைய நாள் இரவு முழுக்க மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புகிற வீடுகள் உண்டு. பிள்ளை மலருக்கு வந்துவிடும். வந்த பிறகு ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும். அரும்புக்கான பயிற்சியை அதற்குக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது, ஏனென்றால் பதிவேட்டில் அது மலர். முன்னே சொன்ன ரப்பர் வேலைதான் இதுவும்.

ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கேட்டு வருவது

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டில் மத்திய அரசும் அறிவுறுத்தியது. ஆறு வயதுப் பிள்ளை மாலையில் விளையாட வேண்டும். கேட்காதீர்கள்.

வகுப்பில் ஒரு முறை, வீட்டில் வேறொரு முறை

கடன் வாங்கிக் கழிப்பதை நான் ஒரு விதமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன். மேலே பத்தைக் கூட்டி, கீழே ஒன்றைக் கூட்டிக் கழிக்கும் பழைய முறையைத் தாத்தா சொல்லிக்கொடுப்பார். தாத்தாவின் முறையும் சரியானதுதான். ஆனால் பிள்ளை இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்துவிடும். முதல் முறை கையில் படியும்வரை ஒரு மாதம் பொறுத்திருங்கள். பிறகு தாத்தா தாராளமாகச் சொல்லிக்கொடுக்கட்டும், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் குழுவில் மதிப்பெண் பட்டியல் போடுவது

கூடாது.

பிள்ளையின் எதிரில் ஆசிரியரைக் குறை சொல்வது

குறை இருந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

வர வேண்டிய இடத்துக்கு வராமல் இருப்பது

பிள்ளையின் நோட்டுக்குள் வரி வரியாக நுழைகிற பெற்றோர், தங்களுக்கென்று சட்டமே போட்டு வைத்திருக்கும் நாற்காலியில் வந்து உட்காருவதில்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று கண்காணிப்பதும், வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை, இரண்டு வகுப்புக்கு ஓர் ஆசிரியர்தான் இருக்கிறார் என்பதையெல்லாம் நான் எழுதினால் கோப்பில் ஒரு தாள் கூடும். குழுவில் பெற்றோர் தீர்மானம் போட்டு அனுப்பினால் ஆள் வந்து பார்க்கிறார்கள். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு, பெற்றோரை முறையாகச் சந்தித்துப் பிள்ளையின் வருகையையும் கற்கும் திறனையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பது ஆசிரியரின் கடமை என்கிறது. ஆகவே அந்தக் கூட்டத்துக்கு வரும்போது தயங்காமல் கேளுங்கள். எத்தனை மதிப்பெண் என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடாமல், தேர்வுத் தாளை வாங்கி, தவறாகப் போட்ட ஒரு கணக்கைக் காட்டி, ‘இது எப்படி இப்படி வந்தது?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது நான். என்னால் சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த வாரம் வரச் சொல்லி, பிள்ளையையும் குச்சிக் கட்டையும் வைத்துக்கொண்டு உங்கள் முன்னாலேயே பார்த்துச் சொல்கிறேன்.