முள் வைக்கும் முன்: பழைய ஜாஸ் தட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்தோ, பெரம்பூர் பக்கம் வீடு காலி செய்கிறவர்களிடம் கேட்டு வாங்கியோ ஒரு ஜாஸ் ரெக்கார்டைக் கொண்டுவந்து, ஒரு பக்கம் ஓடுவதற்குள் "என்னமோ மாதிரி இருக்கே" என்று எடுத்து வைத்துவிடுகிறவர்கள் நிறைய. அந்த "என்னமோ" பெரும்பாலும் வாசித்தவர்களின் குறையாக இருப்பதில்லை. தட்டில் இருக்கலாம், முள்ளில் இருக்கலாம், வீட்டுக் கரண்ட்டில் இருக்கலாம், பதிவு நடந்த காலத்தின் கருவிகளில் இருக்கலாம். எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்காமல் கேட்டால், நல்ல தட்டு பரணுக்கும் மோசமான தட்டு அலமாரிக்கும் போய்ச் சேரும்.

உறையைப் பார்த்து வாங்குவது

உறை புதுசாக இருப்பதற்கும் தட்டு நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. தட்டை வெளியே எடுத்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். குறுக்கே ஓடும் மெல்லிய கீறல் 'டக் டக்' என்று கேட்கும், அவ்வளவுதான். வரியோடு, அதாவது முள் ஓடும் பள்ளத்தோடு, சேர்ந்து நீளவாக்கில் ஓடும் கீறல்தான் ஆபத்து. முள் அதில் மாட்டி ஒரே இடத்தில் சுற்றும், இல்லையென்றால் தாவும். நகத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்து, நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் என்றால் கீழே வைத்துவிடுங்கள். நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் அந்தத் தட்டு நிறைய ஓடியிருக்கிறது. கருப்பு மங்கிச் சாம்பல் பூத்த வரிகள் தேய்ந்த முள்ளின் கைவேலை. கழுவினாலும் அது போகாது. லேபிளுக்கு அருகே வரும்போது டிரம்பெட் கரகரக்கும். எண்ணெய் தடவி மினுமினுவென்று ஆக்கிய தட்டைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். எண்ணெயோடு தூசும் வரிக்குள் போய் உட்கார்ந்திருக்கும்.

"ஒரிஜினல் பிரஸ்" என்ற சொல்லுக்காகப் பணம் கொடுப்பவர்கள் வரி முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வழவழப்பான வளையத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். புளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் தட்டுகளில் அங்கே 'ஆர்விஜி' அல்லது 'வான் கெல்டர்' என்று முத்திரை இருந்தால், ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டர் வெட்டிய மூலத்திலிருந்து அந்தத் தட்டு வந்தது என்று பொருள். முதல் பதிப்பு என்பதற்கு அது மட்டும் சாட்சி ஆகாது. 1966 வரை அந்த நிறுவனத்துக்கு அச்சடித்த பிளாஸ்டிலைட் ஆலை, காது மாதிரித் தெரியும் ஒரு சின்னக் குறியையும் அங்கே கீறி வைத்தது. முத்திரை இருந்து காது இல்லையென்றால் அது பெரும்பாலும் பின்னால் வந்த அச்சு. கேட்க அதுவும் நன்றாகவே இருக்கும், முதல் பதிப்பின் விலையைக் கொடுக்காமல் இருந்தால் போதும்.

"180 கிராம்" என்ற ஸ்டிக்கர் தட்டின் எடையைச் சொல்கிறது, ஒலியைச் சொல்லவில்லை. 1962 வரை வெளியான பதிவுகளுக்கு ஐரோப்பாவில் காப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் 1950-களின் ஜாஸை சிடியிலிருந்தே எடுத்துத் தட்டாக அடித்து விற்பவர்கள் அங்கே உண்டு. மூல டேப் எது, மாஸ்டரிங் செய்தவர் யார் என்ற விவரம் உறையில் எங்கேயும் இல்லாத புதுத் தட்டுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். மாறாக, கொல்கத்தா டம்டம் ஆலையில் அச்சான இந்தியத் தட்டு என்றாலே ஒதுக்குவதும் தவறுதான். தேயாத இந்திய அச்சு, தேய்ந்துபோன அமெரிக்க அச்சைவிட எத்தனையோ மேல்.

உறையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: மோனோவில் பதிவானதைப் பின்னாளில் மின்னணு முறையில் ஸ்டீரியோ ஆக்கியதாகச் சொல்லும் வரி. ஸ்டீரியோ எல்பி (33⅓ சுற்றில் ஓடும் பெரிய தட்டு) கடைக்கு வந்ததே 1957, 58-ல்தான். 1928-ல் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' ஸ்டீரியோவில் இருக்க வழியே இல்லை. 1960-களில் கம்பெனிகள் அடித்தொனியை ஒரு பக்கமும் கீச்சுத்தொனியை இன்னொரு பக்கமும் பிரித்து, எதிரொலியும் கலந்து விற்றன. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இடது, வலது இரண்டில் தெளிவாக இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு ஸ்பீக்கருக்கும் கொடுத்துப் பாருங்கள்.

வேகமும் கரண்ட்டும்

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டர்ன்டேபிளுக்கு 230 வோல்ட்டை 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. அங்கே 60, இங்கே 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பிடித்துக்கொண்டு ஓடும் மோட்டார் என்றால் 33⅓ சுற்று ஓட வேண்டிய தட்டு 28-க்கும் குறைவாக ஓடும். சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கி, ஆல்டோ சாக்ஸபோன் டெனர் மாதிரி ஒலிக்கும். ஜாஸுக்குப் புதியவர்கள் "நல்லா நிதானமா வாசிக்கிறாங்க" என்று ரசித்துக்கொண்டிருப்பார்கள். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியை மாற்றினால்தான் இது தீரும்.

வேகத்தைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டாம். லேபிள் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டை ஒட்டி, முள்ளையும் வைத்துவிட்டு எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். ஸ்ட்ரோப் அட்டை (வேகம் சரியானால் விளக்கொளியில் கோடுகள் நின்றது போலத் தெரியும் வட்ட அட்டை) வைத்துப் பார்ப்பதானால் நம் ஊருக்கு 180 கோடு உள்ள வளையம். 216 கோடு உள்ளது 60 ஹெர்ட்ஸ் நாடுகளுக்கு. பல எல்இடி பல்புகளில் கோடு நிற்பதே தெரியாது. சோக் வைத்த பழைய டியூப்லைட் கீழே பாருங்கள்.

இந்தக் கணக்கு தெரிந்தால் இன்னொரு லாபம் உண்டு. 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 விநாடி. 'டக்' சத்தம் அதே இடைவெளியில் வந்தால் கீறல். ஒழுங்கில்லாமல் படபடத்தால் தூசு அல்லது நிலைமின்சாரம். கழுவினால் போவது எது, போகாதது எது என்று காதே சொல்லிவிடும்.

டர்ன்டேபிளை நேராக ஹோம் தியேட்டரின் ஆக்ஸில் செருகிவிட்டு, சத்தம் ஒல்லியாக வருகிறதென்று பேஸைக் கூட்டுவது அடுத்த தவறு. தட்டில் அடித்தொனியைக் குறைத்தும் கீச்சுத்தொனியைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சமன் செய்ய ஃபோனோ பிரீஆம்ப் வேண்டும். அதுவே இரண்டாகிவிட்டாலும் கெடுதல்: பிளேயருக்குள் ஒன்று, ஆம்ப்ளிஃபையருக்குள் ஒன்று என்றால் ஒலி கிழியும். ஒன்றை அணைத்துவிடுங்கள். எப்போதும் 'ம்ம்ம்' என்று இரைகிறதென்றால் டர்ன்டேபிளின் எர்த் ஒயரை ஆம்ப்ளிஃபையரின் எர்த் திருகில் மாட்டியிருக்கிறீர்களா, சாக்கெட்டில் எர்த்தே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய குடித்தனங்களில் பெரும்பாலும் இருக்காது.

முள்ளின் பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான கருணை. பாரம் குறைந்தால் முள் வரிச்சுவரில் பதியாமல் துள்ளித் துள்ளி அடிக்கும், அதுதான் வரியைச் செதுக்குகிறது. முள்ளைத் தாங்கும் கார்ட்ரிட்ஜுக்கு 1.5 முதல் 2 கிராம் என்று போட்டிருந்தால், 1.8 வைப்பது 1.3 வைப்பதைவிடப் பாதுகாப்பு. முள்பாரம் பார்க்கும் சின்னத் தராசு இல்லாமல் கண்மதிப்பில் வைக்காதீர்கள்.

78-ம் எல்பியும் ஒன்றல்ல

78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது, எல்பி வினைலில் செய்தது. எல்பியைச் சுத்தம் செய்ய ஸ்பிரிட் கலந்த நீரைப் பயன்படுத்துவார்கள். அதே நீரை 78-இல் விட்டால் அரக்கு கரையும், இசையும் சேர்ந்து போகும். 78-க்கு வெறும் பேட்டரி தண்ணியும் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டும் போதும். ஊற வைக்காமல் உடனே துடைத்துவிட வேண்டும். எல்பி முள்ளை 78-இல் வைக்கக் கூடாது. எல்பி முள்ளின் முனை 0.7 மில் (மில் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 78-இன் வரிக்கு 3 மில் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து குப்பையை மட்டும் வாசிக்கும். சாவி கொடுக்கும் கிராமபோனில் ஒரு பக்கத்துக்கு ஒரு எஃகு முள் என்பது கணக்கு. ஒரே முள்ளில் பத்துப் பக்கம் ஓட்டினால் அது உளிதான். அதில் எல்பியை வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காசிமேட்டுக் காற்றும் கத்திரி வெயிலும்

கடலோரத்து ஈரம் தட்டைத் தொடும் முன் உறையைத் தொடும். உறையில் பூஞ்சை, பிறகு வரிக்குள் திருநீறு தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. கடைசியாக ஒயர் முனைகளில் உப்புப் பூத்து ஒரு பக்க ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடும். மாதம் ஒருமுறை பின்களைக் கழற்றித் துடைத்துச் செருகினாலே பாதிக் கோளாறு வராது. உள்ளுறைக்குப் பிவிசி பிளாஸ்டிக் வேண்டாம். வெயில் காலத்தில் அது தட்டோடு ஒட்டிப் பனி படிந்த மாதிரித் தடம் விடும். பாலித்தீன் அல்லது காகிதம் போதும்.

போர் தண்ணியிலோ குழாய்த் தண்ணியிலோ கழுவினால், காய்ந்ததும் உப்பு வரிக்குள் தங்கிவிடும். கடைசி அலசல் பேட்டரி தண்ணியில்தான்.

பரண் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மே மாதத்தில், பிளாஸ்டிக் சுற்று பிரிக்காமல் படுக்க வைத்த தட்டு அப்பளமாகிவிடும். நேராக நிறுத்தி வையுங்கள், சாய்த்து வைக்காதீர்கள். நூறு எல்பி 25 கிலோ அளவுக்கு வரும், மெல்லிய பலகை தாங்காது. பழைய வீடுகளில் சுவரில் பதித்த கடப்பைக்கல் தட்டு இருக்குமே, தட்டு வைக்க அதைவிட நல்ல இடமில்லை. டர்ன்டேபிளுக்கும் அதுதான் தோது. கன்டெய்னர் லாரி போனால் பீரோ மேல் வைத்த பிளேயரில் முள் துள்ளும், கல்லில் துள்ளாது. ஸ்பீக்கரை மட்டும் அதே கல்லில் வைக்காதீர்கள். தரைமட்ட அலமாரியை ஐப்பசிக்கு முன்பே காலி செய்துவிடுங்கள். 2023 மிக்ஜாம் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நனைந்துவிட்டால் உறையோடு காய விடக் கூடாது, காகிதம் தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே பிரித்துக் கழுவி, நிழலில் நிறுத்திக் காய வையுங்கள்.

காதில் நடக்கும் தவறுகள்

1925-க்கு முந்தைய பதிவுகளைக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்து டிரம்மர் மரக்கட்டையைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்" என்று முடிவு கட்டுவார்கள். மைக் வருவதற்கு முன் ஒரு கூம்புக்கு எதிரே நின்று வாசித்தார்கள். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் மெழுகில் வெட்டும் ஊசி துள்ளிவிடும் என்பதால் அதை ஒதுக்கினார்கள். மேடையில் வாசித்தது வேறு. மூன்று நிமிடத்தில் பாட்டு முடிவதும் பத்து அங்குலத் தட்டின் அளவுதான், வாசித்தவர்களின் மூச்சு அவ்வளவு என்று அர்த்தமில்லை.

கர்நாடக இசைக் காது நமக்குப் பெரிய துணை, அதுவே சில இடங்களில் காலை வாரும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டின் முதல் உருப்படி 'ஸோ வாட்'. டி டோரியன் என்று அவர்கள் சொல்லும் சுரவரிசை நம் கரகரப்பிரியாதான். "ஆக, இது கரகரப்பிரியா" என்று கேட்க ஆரம்பித்தால் நடுவில் திடீரென்று எல்லாம் பிசகியது போல இருக்கும். நடப்பது இதுதான்: ஒரு சுற்றுக்கு 32 பார் (ஒரு பார் என்றால் நாலு எண்ணிக்கை), எட்டெட்டாக நாலு பகுதி. முதல் இரண்டும் கடைசியும் இரண்டு கட்டையில் நிற்கின்றன. மூன்றாவது மட்டும் சுரவரிசை அப்படியே இரண்டரைக் கட்டைக்கு ஏறி, எட்டு பார் இருந்துவிட்டு இறங்கிவிடும். ராகம் மாறவில்லை, சுருதியே நகர்கிறது. ஆதார சுரத்தை மாற்றி வேறு ராகம் காட்டும் கிரகபேதமும் இல்லை.

ஆதி தாளம் போட்டே இதைப் பிடிக்கலாம். எட்டு பார் என்பது 32 எண்ணிக்கை, நாலு ஆவர்த்தனம். பியானோவும் பாஸும் தாளம் பிடிக்காமல் உலவும் முன்னுரை முடிந்து, பாஸ் கேள்வி கேட்க மற்றவர்கள் இரண்டு சுரத்தில் பதில் சொல்லும் இடத்தில் எண்ண ஆரம்பியுங்கள். எட்டு ஆவர்த்தனம் கழிந்ததும் ஏறும், இன்னும் நாலு கழிந்ததும் இறங்கும். ஒன்றரை நிமிடத்தில் டிரம்மரின் ஜால்ரா பெரிதாக ஒலித்து அடங்க, மைல்ஸ் தனி தொடங்குகிறார். அவருக்கு இரண்டு சுற்று, சாக்ஸபோனில் கோல்ட்ரேனுக்கு இரண்டு, ஆடர்லிக்கு இரண்டு, பியானோவில் பில் எவான்ஸுக்கு ஒன்று. எண்ணிக்கை தவறினால் இரண்டரைக் கட்டை வரும் இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: நாம் தட்டும் இடத்தில் அவர்கள் அழுத்தம் கொடுப்பதில்லை. டிரம்மரின் காலடி ஜால்ரா 'ச்சிக்' என்று இரண்டிலும் நாலிலும் விழும். கையால் ஆதி தாளம், கால் கட்டைவிரலால் அந்த 'ச்சிக்' என்று இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பழகினால் ஸ்விங் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியும்.

அதே ஆண்டு டேவ் புரூபெக் குழு வெளியிட்ட 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை. உடனே கண்ட சாபு போடத் தோன்றும். கண்ட சாபு இரண்டும் மூன்றும், 'தக தகிட'. 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும். தலைகீழாகப் போட்டால் பியானோ ஒவ்வொரு முறையும் தவறான இடத்தில் விழுவது போலவே இருக்கும். 'தகிட தக' என்று மாற்றிப் போடுங்கள், உட்கார்ந்துவிடும்.

மின்சார ரயிலில் இயர்போனை நண்பனோடு ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்து இந்தத் தட்டுகளைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்து ஸ்டீரியோவில் ஆட்களை இரண்டு ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். 'கைண்ட் ஆஃப் புளூ'வில் கோல்ட்ரேன் இடப்பக்கம், ஆடர்லி வலப்பக்கம். ஒரு காதில் கேட்டவர் ஒருவரைத் தூரத்து எதிரொலியாகத்தான் கேட்டிருப்பார்.

விவரத்தை லேபிளில் படித்துக் காதை மூடிக்கொள்வதும் தவறு. இதே தட்டின் ஆரம்ப அச்சுகள் சிலவற்றில் இரண்டாம் பக்கத்து லேபிளில் 'ஆல் புளூஸ்', 'ஃபிளமெங்கோ ஸ்கெட்சஸ்' இரண்டும் வரிசை மாறி அச்சாகின. உருண்டு உருண்டு போகும் ஆறு எண்ணிக்கை கேட்டால் அது 'ஆல் புளூஸ்', லேபிளில் எது போட்டிருந்தாலும் சரி. 'ஃபிரெடி ஃப்ரீலோடர்' உருப்படியில் மட்டும் பியானோ வின்டன் கெல்லி. அது தெரியாமல் "பில் எவான்ஸ் இங்கே எவ்வளவு குதூகலமா வாசிக்கிறார்" என்று புகழ்ந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. இன்னொன்று, முதல் பக்கத்து மூன்று உருப்படிகளைப் பதிவு செய்த டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியதால், தட்டில் அவை கொஞ்சம் சுருதி ஏறியே வந்தன. 1990-களின் மறுபதிப்புகளில்தான் அதைச் சரிசெய்தார்கள். சுருதிப்பெட்டியில் இரண்டு கட்டை வைத்து உங்கள் பழைய தட்டோடு சேர்த்துப் பாருங்கள். சேரவில்லையென்றால் டர்ன்டேபிளைத் திட்டுவதற்கு முன் தட்டைத் திருப்பி இரண்டாம் பக்கத்தையும் சோதித்துவிடுங்கள்.